கேட்டால் சொல்லும் கணக்கு

சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் குதிரை மேல் வீற்றிருக்கிறாரே மன்றோ துரை, அவரைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் நன்றாகத் தெரியும். அவருடைய குதிரைக்குச் சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ கதைகள் கட்டிவிட்டார்கள். கதைகள் சுவாரஸ்யமானவைதான். ஆனால் அந்தச் சவாரிக்காரர் வாலிப வயதில் நம் தருமபுரிச் சீமையில் இருந்துகொண்டு என்ன வேலை பார்த்தார் என்ற கதை, குதிரைக் கதையைக் காட்டிலும் சுவாரஸ்யமானது. இன்றைக்கு ஒரு குடியானவர் தம் உள்ளங்கைக்குள் அடங்கும் டெலிபோனைத் தட்டித் தம் நிலத்தின் பட்டாவைப் பார்க்கிறாரே, அந்தக் காரியத்துக்கும் மன்றோவின் வேலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருநூறு வருஷம் இருக்கிறது. கிரீன்லாந்தில் பிறந்த ஒருவர் தம் சொந்தச் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட யந்திர பாஷை ஒன்றும் இருக்கிறது. இந்த மூன்றும் எப்படி ஒரே நூலில் கோத்துக்கொள்கின்றன என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பழைய கதையிலிருந்தே தொடங்குவோம்.

1792ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓர் உடன்படிக்கை நடந்தது. திப்பு சுல்தான் தம் ராஜ்யத்தில் சரிபாதியை விட்டுக் கொடுக்க நேர்ந்தது. கும்பெனியாரின் பங்குக்கு வந்த பூமியில் பாராமகால் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும் பகுதி அதற்குள் அடங்கும். அந்தச் சீமையை நிர்வகிக்கக் காரன்வாலிஸ் பிரபு யாரை அனுப்பினார் தெரியுமா? சிவில் உத்தியோகஸ்தர்களை அல்ல. அவர்களுக்கு ஜனங்களின் பாஷை தெரியாது என்பது அவருடைய மனக்குறை. காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்ற பட்டாளத்துக்காரரை அனுப்பி, அவருக்குத் துணையாக மன்றோ, கிரஹாம், மக்லியட் என்று மேலும் மூன்று பட்டாளத்துக்காரர்களைக் கொடுத்தார். துப்பாக்கி பிடித்த கைகள் கணக்கு எழுதப் புறப்பட்டன.

மன்றோவுக்கு அப்போது முப்பது வயது. தருமபுரியில் ஒரு வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய பதவிகளுக்குப் போன பிறகும் அந்தத் தோட்டத்தை நினைத்து ஏங்கியிருக்கிறார். ஆனால் தோட்டத்தில் உட்கார அவருக்கு நேரம் கிடைத்ததா என்பதே சந்தேகம். ஊர் ஊராக, வயல் வயலாகச் சுற்றினார். ரீட் துரை சீமை முழுவதையும் புலம் புலமாக அளந்துவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தார். இந்த நிலம் எத்தனை விஸ்தீரணம், புஞ்சையா நஞ்சையா, தீர்வை எவ்வளவு, உழுகிறவன் பெயர் என்ன என்று ஒவ்வொன்றையும் ஏட்டில் ஏற்ற வேண்டும். சென்னை ராஜதானியில் அப்படி ஒரு காரியம் அதற்கு முன் நடந்ததில்லை.

இதன் பெருமை புரிய வேண்டுமானால் அதே சமயத்தில் வங்காளத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே 1793இல் ஜமீன்தார்களோடு சாசுவத ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒரு ஜமீன்தாரின் பெயர் தெரிந்தால் போதும். அவருக்குக் கீழே ஏர் பிடிக்கும் ஆயிரம் பேருடைய பெயர்கள் சர்க்காருக்கு வேண்டியதில்லை. பாராமகாலிலோ ஏர் பிடித்தவன் பெயரே ஏட்டில் ஏறியது. இதுவே பிற்பாடு ரயத்துவாரி என்று பெயர் பெற்று, மன்றோ சென்னைக்குக் கவர்னராக இருந்த 1820 முதல் 1827 வரையிலான காலத்தில் ராஜதானியின் பொது முறையாயிற்று.

கும்பெனியார் இதைத் தர்மத்துக்காகச் செய்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வரி வாங்குவதற்காகச் செய்தார்கள். வரியும் லேசாக இருக்கவில்லை. ஆனாலும் பெயர் எழுதப்பட்டது என்பது சாமானிய விஷயம் அல்ல. தருமபுரிக்கு இது நன்றாகத் தெரியும். அதியமான் ஆண்ட தகடூர்ச் சீமை அல்லவா இது! ஆநிரை மீட்கப் போய் உயிர் விட்ட வீரனின் பெயரைக் கல்லிலே வெட்டி ஊர் எல்லையில் நட்டு வைத்த பூமி. அந்த நடுகற்கள் இன்றும் வயல் வரப்புகளிலே நிற்கின்றன. செத்தவன் பெயரைக் கல் காத்தது. உயிரோடு உழுகிறவன் பெயரைக் காக்க ஓர் ஏடு வேண்டியிருந்தது. ஏடு வந்தது.

ஆனால் ஏடு எங்கே இருந்தது? அங்கேதான் சங்கடம்.

ஏடு கர்ணத்தின் வீட்டில் இருந்தது. துணி மூட்டையிலோ தகரப் பெட்டியிலோ இருந்தது. அடங்கல் என்ன சொல்கிறது, சிட்டாவில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது கர்ணத்துக்குத் தெரியும், கச்சேரிக்குத் தெரியும். நிலத்துக்கு உடையவனுக்கு மட்டும் தெரியாது. கேட்டால் தெரியும். கேட்பதற்கோ ஒரு முறை உண்டு. திண்ணையில் காத்திருக்க வேண்டும். நல்ல வேளை பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. கர்ணங்களில் உத்தமர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் உத்தமரிடமும் போய்த்தான் கேட்க வேண்டும். 1980ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியக்காரர் ஆகிய பதவிகளை எடுத்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆள் மாறினார், பெட்டி மாறவில்லை.

கணக்கு இருப்பது ஒன்று. கேட்டவனுக்கு அது பதில் சொல்வது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை வெகுகாலம் யாராலும் நிரப்ப முடியவில்லை.

* * *

இனி நாம் கடல் கடக்க வேண்டும். ஏனென்றால் இதே பள்ளம், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷங்களில், முற்றிலும் வேறோர் இடத்தில் தலைகாட்டியது.

ஜெனீவா நகரத்துக்கு அருகில் செர்ன் என்ற பௌதிக ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989இல் ஒரு யோசனை சொன்னார். அதிலிருந்து பிறந்ததுதான் நாம் இன்று இணையம் என்று பொதுவாகச் சொல்லும் வலைப் பக்கங்களின் உலகம். ஓர் ஊரில் உள்ள யந்திரத்தில் ஒரு பக்கத்தை எழுதி வைத்தால், வேறோர் ஊரில் இருப்பவர் தம் யந்திரத்தில் அதை வாசிக்கலாம். எழுதி வைத்துப் பரிமாறுகிற யந்திரத்துக்கு சர்வர் என்று பெயர். நம் ஊர் ஓட்டலில் இட்லி கொண்டுவருகிறவருக்கும் அதே பெயர்தான். தொழிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் முதலில் வந்த பக்கங்கள் எல்லாம் அச்சடித்த நோட்டீஸ் மாதிரி இருந்தன. எழுதினது எழுதினதுதான். யார் வந்து கேட்டாலும் அதே பக்கம். இன்னொரு பக்கத்தில், பெரிய பெரிய கணக்குகளை யந்திரத்திலே அட்டவணைகளாக வைத்துக்கொள்ளும் வித்தை ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருந்தது. ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த எட்கர் காட் என்பவர் 1970இல் அதற்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்துவிட்டார். வரிசை வரிசையாகப் பெயர், எண், அளவு. நம்முடைய அ-பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த அட்டவணை புதிதாகவே தோன்றாது. ஆக, நோட்டீஸ் ஒரு பக்கம். கணக்குப் பெட்டி ஒரு பக்கம். பெட்டிக்குள் இருப்பதைப் படித்து, கேட்டவருக்கு ஏற்றபடி எழுதிக் கொடுக்க நடுவில் ஒரு கணக்குப் பிள்ளை இல்லை.

அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 1993இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். யாராவது பக்கம் கேட்டால் சர்வர் தனியாக ஒரு நிரலை ஓட்டி, அது சொல்வதை அப்படியே அனுப்பிவிடும். வழி என்னவோ சரிதான். ஆனால் அந்த நிரலை எழுத நல்ல தேர்ச்சி வேண்டும். பக்கத்தின் அலங்காரமும் நிரலின் கட்டளையும் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டு, ஒரு கமா மாறினாலும் எல்லாம் படுத்துவிடும்.

இந்த நிலையில்தான் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வருகிறார்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையோரம் டிஸ்கோ என்று ஒரு தீவு. அங்கே ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு சிற்றூர். கெகெர்தர்சுவாக் என்று பெயர்; உச்சரிக்க நம் நாக்குக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்த ஊரில் 1968இல் பிறந்தவர் அவர். பிற்பாடு கனடாவில் வாட்டர்லூ சர்வகலாசாலையில் படித்தார். 1994இல் அவர் தம்முடைய யோக்கியதாம்சங்களை எழுதி வலையிலே ஒரு பக்கமாகப் போட்டிருந்தார். உத்தியோகம் தேடுகிற எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் போட்டுவிட்டு, அதை யார் யார் வந்து பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். கதை பத்திரிகையில் வெளியானதும், யாராவது படித்தார்களா என்று விசாரித்துக்கொண்டு திரியும் எழுத்தாளர் ஜாதிக்கு இந்த ஆசை நன்றாகப் புரியும்! அந்தக் கணக்கை எடுக்கச் சில சிறு கருவிகளை எழுதிக்கொண்டார். 'சொந்த முகப்புப் பக்கக் கருவிகள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். அதன் முதலெழுத்துக்கள்தாம் பி.எச்.பி. 1995ஆம் வருஷம் ஜூன் 8ஆம் தேதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அதை ஊருக்குப் பொதுவாக வைத்துவிட்டார்.

ஒரு பாஷையை உண்டாக்க வேண்டும் என்ற நோக்கமே தமக்கு இருந்ததில்லை என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். வாஸ்தவம்தான். பாஷைகளை உண்டாக்கும் பண்டிதர்கள் முதலில் இலக்கணம் எழுதுவார்கள். இவர் கைக்கு வந்ததைச் செய்தார். தேவைப்பட்டபோது மேலே ஒரு ஒட்டுப் போட்டார். கிராமத்து வீட்டில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக ஒவ்வொரு அறையாகச் சேர்த்துக் கட்டுவார்களே, அப்படி வளர்ந்தது அது.

* * *

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், தாலுகா கச்சேரியில் ஒரு படிவம் வாங்கியிருப்பவர்களுக்கு இது புரிந்துவிடும்.

அச்சடித்த படிவம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அரசாங்க முத்திரை, தலைப்பு, கோடுகள் எல்லாம் அச்சாகி இருக்கின்றன. நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெற்றிடங்கள். பி.எச்.பி.யில் எழுதிய ஒரு பக்கம் அத்தகைய படிவம்தான். ஆனால் வெற்றிடம் வெறுமனே இருக்காது. 'கணக்கைப் பார், இந்தப் புல எண்ணுக்கு உரியவர் பெயரை எடு, இங்கே எழுது' என்று அந்த இடத்தில் ஒரு கட்டளை இருக்கும். ஒருவர் பக்கத்தைக் கேட்டதும் சர்வர் அந்தப் படிவத்தை மேலிருந்து கீழே படிக்கிறது. அச்சான பகுதியை அப்படியே விடுகிறது. கட்டளை வந்த இடத்தில் நின்று, கணக்குப் பெட்டியைத் திறந்து, வேண்டியதை எடுத்து எழுதுகிறது. பிறகு பூர்த்தியான தாளை மட்டும் கேட்டவருக்கு அனுப்புகிறது. கட்டளைகள் வெளியே வருவதே இல்லை. சமையல் உள்ளே, இலை வெளியே. அதனால்தான் இந்த ரகத்துப் பாஷைகளை சர்வர் பக்கத்துப் பாஷை என்கிறார்கள்.

இதன் ரகசியம் எளிமைதான். பக்கத்தை அலங்கரிக்கத் தெரிந்த எவரும், அதிலே இரண்டு வரி கட்டளையைச் சொருகப் பழகிக்கொள்ளலாம். இதே காலத்தில் போட்டிக்கு வேறு பாஷைகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் அலயர் சகோதரர்கள் 1995இல் கோல்ட்ஃபியூஷன் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மைக்ரோசாஃப்ட் கம்பெனி 1996இல் ஏ.எஸ்.பி. என்ற ஒன்றைக் கொடுத்தது. அவற்றைக் கம்பெனிகள் செய்தன. கம்பெனிகள் விலை வைத்தன. பி.எச்.பி.க்கு விலை கிடையாது.

விலை இல்லாத பண்டத்துக்கு உலகத்தில் இரண்டு விதமான கதி நேரும். ஒன்று, யாரும் சீந்தமாட்டார்கள். அல்லது, எங்கிருந்தோ நல்ல மனிதர்கள் வந்து சேருவார்கள். இங்கே இரண்டாவது நடந்தது. இஸ்ரேல் தேசத்தில் ஸீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் என்று இரண்டு மாணவர்கள் சர்வகலாசாலை வேலை ஒன்றுக்காக பி.எச்.பி.யை எடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. குறை சொல்லிவிட்டுப் போகாமல் அடித்தளத்தையே புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். 1998 ஜூன் மாதம் மூன்றாம் பதிப்பு வந்தது. 2000ஆம் வருஷம் மே மாதம் நான்காவது வந்தபோது அதன் உள் யந்திரத்துக்கு ஸெண்ட் என்று பெயரிட்டார்கள். ஸீவ், ஆண்டி என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துச் செய்த பெயர் அது. அவர்கள் விட்டுச் சென்ற அடையாளம் இன்னொன்றும் உண்டு. இரட்டை முக்காற்புள்ளியைத் தவறான இடத்தில் போட்டால், யந்திரம் 'பாமாயீம் நெகுடோத்தாயீம்' என்று ஒரு சொல்லைக் காட்டிக் கத்திய காலம் உண்டு. ஹீப்ரு பாஷையில் அதற்கு இரட்டை முக்காற்புள்ளி என்றே அர்த்தம்! உலகமெங்கும் லட்சோப லட்சம் இளைஞர்கள் அதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள். தாய்மொழியை இப்படியும் உலகத்தார் வாயில் ஏற்றலாம் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குப் பெட்டியின் கதையிலும் பாசம் கலந்திருக்கிறது. பி.எச்.பி.யோடு கூடப்பிறந்ததுபோல் 1995இல் ஸ்வீடனில் ஓர் இலவசக் கணக்குப் பெட்டி உண்டாயிற்று. மை-எஸ்.க்யூ.எல். என்று பெயர். 'மை' என்றால் ஆங்கிலத்தில் 'என்னுடைய' என்று அர்த்தம் என எல்லாரும் நினைக்கிறார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸின் மகள் பெயர் அது. பிற்பாடு அது பெரிய கம்பெனிகளின் கைக்குப் போனபோது, அவர் மறுபடியும் ஒன்றைச் செய்து தம் இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். பெண்ணின் பெயரில் நிலம் எழுதி வைக்கும் தகப்பனாரை நாம் பார்த்திருக்கிறோம். கணக்குப் பதிவேட்டுக்கே பெண்ணின் பெயரை வைத்தவர் அவர்.

லினக்ஸ், அப்பாச்சி, மை-எஸ்.க்யூ.எல்., பி.எச்.பி. ஆகிய நான்கு இலவசச் சரக்குகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 1998இல் ஒரு ஜெர்மன் பத்திரிகை எழுத்தாளர் 'லாம்ப்' என்று பெயர் சூட்டினார். விளக்கு என்று அர்த்தம். பெயர் பொருத்தமாகவே அமைந்தது. மாதம் சில நூறு ரூபாய்க்கு சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெரிய படிப்பில்லாத ஒரு பையனும் இந்த விளக்கை ஏற்ற முடிந்தது.

* * *

அந்த விளக்கின் வெளிச்சம் தருமபுரி மட்டும் வந்தது எப்படி என்று கேட்பீர்கள்.

பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி அதியமானைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவள் இன்று முதலில் பார்ப்பது தமிழ் விக்கிப்பீடியாவை. 2003இல் தொடங்கி, ஊர் பேர் தெரியாத தமிழர்கள் பலர் கூலி வாங்காமல் எழுதிச் சேர்த்த கலைக்களஞ்சியம் அது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அச்சடித்த நோட்டீஸாக அங்கே தொங்கிக்கொண்டிருக்கவில்லை. எல்லாம் கணக்குப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டியைத் திறந்து பக்கமாக்கிக் கொடுக்கும் நிரலை 2001இல் மாக்னஸ் மான்ஸ்கி என்ற ஜெர்மானிய மாணவர் பி.எச்.பி.யில் எழுதினார். அவர் படித்ததோ உயிரியல்! 2002 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறியது. அதன் வழித்தோன்றலே இன்றைக்கும் எல்லா மொழிகளுக்கும் படியளக்கிறது. தமிழ் எழுத்தாளர்கள் பலருடைய தளங்கள் ஓடுகிற வோர்ட்பிரஸும் 2003இல் பி.எச்.பி.யில் பிறந்ததுதான். ஆக, தமிழில் இன்று எழுதிப் படிக்கப்படுவதில் பெரும் பங்கு, கிரீன்லாந்துக்காரரின் ஒட்டுப் போட்ட வீட்டின் வழியாகத்தான் வருகிறது.

அந்த வீட்டில் தமிழுக்கு அறை எப்படி? அதையும் சொல்ல வேண்டும்.

'தருமபுரி' என்று எழுதுங்கள். எத்தனை எழுத்து? முதல் வகுப்புக் குழந்தை ஐந்து என்று சொல்லும். பி.எச்.பி.யிடம் நீளம் கேட்டால் 24 என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது எழுத்து அல்ல. பைட் என்ற சிறு அளவுதான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோட் முறையில் நம் 'த' மூன்று பைட். 'ரு' என்பது 'ர' தனி, உகரக் குறி தனி என்று ஆறு பைட். இப்படிக் கூட்டினால் 24 வருகிறது. பெயரைப் பத்து அளவுக்குள் வெட்டிக் கொடு என்று ஒருவர் விவரம் தெரியாமல் கட்டளை எழுதிவிட்டால், யந்திரம் 'தரு' வரைக்கும் ஒழுங்காகக் கொடுத்து, 'ம'வின் உடம்பில் மூன்றில் ஒரு பங்கை அறுத்துக் கொடுக்கும். திரையில் ஒரு கேள்விக்குறி நிற்கும்.

இதைச் சீர்திருத்த ஒரு பெரிய முயற்சி நடந்தது. உலக பாஷைகள் அனைத்தையும் உள்ளபடியே அறிந்த ஆறாம் பதிப்பு வரும் என்று 2005 முதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை மலைபோல் பெருகிற்று. 2010இல் கைவிட்டார்கள். ஐந்துக்குப் பிறகு 2015இல் ஏழாம் பதிப்பு வந்தது. ஆறு என்ற எண் சரித்திரத்தில் வெற்றிடமாகவே நின்றுவிட்டது. பல பைட் எழுத்துக்களை எண்ணவும், கூட்டெழுத்தை ஒன்றாகப் பாவிக்கவும் தனித் துணைக்கருவிகள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தினால் 'தருமபுரி' ஐந்து எழுத்தாகவே எண்ணப்படும். கேட்காவிட்டால் 24தான். ரீட் துரையையும் மன்றோவையும் ஜனங்களின் பாஷை தெரியும் என்பதற்காக அனுப்பினார்கள் என்று சொன்னேன் அல்லவா? கணக்குப் பிள்ளை யந்திரமாகிவிட்டாலும் அந்த யோக்கியதை தேவைப்படத்தான் செய்கிறது.

* * *

இப்போது பட்டாவுக்கு வருவோம்.

தமிழ்நாட்டு நிலக் கணக்குகள் யந்திரத்துக்குள் ஏறிவிட்டன. மாவட்டத்தைச் சொன்னால் தாலுகாக்களின் பட்டியல் வருகிறது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று தருமபுரிக்கு ஏழு தாலுகா. தாலுகாவைச் சொன்னால் கிராமம். பிறகு புல எண், உட்பிரிவு. கொடுத்ததும் பட்டா எண், உரிமையாளர் பெயர், புஞ்சை எவ்வளவு, நஞ்சை எவ்வளவு, தீர்வை என்ன என்று வந்து நிற்கிறது. இத்தகைய பக்கங்களை எந்த பாஷையில் எழுதினாலும் முறை ஒன்றுதான்: கேள்வி வருகிறது, உள்ளே பெட்டி திறக்கிறது, படிவம் பூர்த்தியாகிறது, தாள் வெளியே வருகிறது. ரீட் துரையின் ஏட்டில் இருந்த அதே பத்திகள். ஆனால் திண்ணையும் இல்லை, நல்ல வேளையும் இல்லை. நடு ராத்திரியில் கேட்டாலும் பதில் சொல்கிறது. இருநூறு வருஷப் பள்ளம் நிரம்பிவிட்டது.

நிரம்பிவிட்டதா? இரண்டு காரியங்களைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலாவது, இந்தப் புதிய கணக்குப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடி கேட்கும் ஆசாமி. 'உங்கள் பெயர் என்ன?' என்ற இடத்தில் ஒரு விஷமக்காரர் தம் பெயரை எழுதாமல், 'எல்லாருடைய கணக்கையும் எடுத்துக் காட்டு' என்று யந்திரத்துக்குப் புரியும் கட்டளையாகவே எழுதிவிடலாம். பழைய பி.எச்.பி. பக்கங்களில் எத்தனையோ, பெயர் எது கட்டளை எது என்று பகுத்துப் பார்க்காமல் அதை நிறைவேற்றியிருக்கின்றன. இந்தத் தந்திரம் 1998 முதலே எழுத்தில் விளக்கப்பட்டுவிட்டது. கேள்வி ஒரு கையில், பெயர் ஒரு கையில் என்று பிரித்தே கொடுக்கும் பாதுகாப்பான முறை பின்னால் வந்தது. அபாயமான பழைய வசதி ஒன்றை 2002இல் தாமாகத் திறக்காதபடி மூடி, 2012இல் அடியோடு பிடுங்கிவிட்டார்கள். எளிமை பி.எச்.பி.யின் பலம் என்றேன். யாரும் எழுதலாம் என்றால், எச்சரிக்கை இல்லாதவரும் எழுதலாம் என்றுதானே அர்த்தம்? கதவைத் திறந்து வைத்தவர்கள் தாழ்ப்பாளைப் பற்றி யோசிக்கப் பல வருஷம் பிடித்தது.

இரண்டாவது இதைவிடப் பெரியது. யந்திரம் பெட்டியில் உள்ளதைத்தான் சொல்லும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம் ஒன்று நடந்தது. யு.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்போது நேர்ந்த பிழைகள், அண்ணன் நிலம் தம்பி பெயரில், இரண்டு ஏக்கர் ஒரு ஏக்கராக, ஏறினது ஏறினபடியே யந்திரத்துக்குள்ளும் போய்விட்டன. இன்றைக்கும் ஜமாபந்தி நடக்கும்போது தாலுகா கச்சேரி வாசலில் மனுவோடு நிற்பவர்களில் பலர் அந்தப் பிழையைத் திருத்தத்தான் நிற்கிறார்கள். கையால் எழுதிய ஏட்டில் பிழை இருந்தால் மை கலங்கியிருக்கிறது, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று வாதாட இடம் இருந்தது. பளிச்சென்ற எழுத்தில், முத்திரையோடு, அரை நிமிஷத்தில் வந்து நிற்கும் பிழையோடு வாதாடுவது கஷ்டம். பொய்யும் அவ்வளவு அழகாக அச்சாகிவிட்டால் மெய் போலவே இருக்கிறது.

லெர்டார்ஃபின் பாஷையைப் பண்டிதர்கள் பலர் பரிகாசம் செய்திருக்கிறார்கள். ஒழுங்கு இல்லை, பெயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பார்கள். பரிகாசத்தில் நியாயம் உண்டு. ஆயினும், எந்த பாஷையில் எழுதியது என்று தெரிந்த வலைத்தளங்களில் பத்துக்கு ஏழுக்குக் குறையாமல் இன்றும் அதில்தான் ஓடுகின்றன என்று கணக்கெடுப்பவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் காரணம், பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தார்கள் என்பதுதான். 1994இன் சிறு கருவி, ஒவ்வொரு பதிப்பிலும் பழைய தவறு ஒன்றைக் களைந்து, 2020இல் எட்டாம் பதிப்புக்கு வந்து சேர்ந்தது. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள், இது தவறு என்று எழுதிப் போடுகிறார்கள். எழுதினவனைத் திண்ணையில் காக்க வைப்பதில்லை. சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பி.எச்.பி.யிடமிருந்து நம் கணக்குகள் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டால் சொல்லும் கணக்கு நமக்குக் கிடைத்துவிட்டது. அது பெரிய லாபம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மன்றோவும் ரீட்டும் வரிக்காகத்தான் அலைந்தார்கள் என்றாலும், அலைந்தார்கள். வயலில் இறங்கி நின்று, இது யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். அந்த நடையை எந்த யந்திரமும் நடந்துவிடாது. பென்னாகரத்துக்கு அப்பால் ஏதோ ஒரு மேட்டுப் புஞ்சையில், தாளில் தம் பெயர் வராத கிழவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தால், அவருக்காக யாராவது ஒருவர் வரப்பில் ஏறித்தான் ஆக வேண்டும்.